செவிக்குச் செவி ருசி வேறு

ரசத்தில் புளி தூக்கலாக இருக்க வேண்டுமா, மிளகு தூக்கலாக இருக்க வேண்டுமா என்று ஒரே வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் நாம் யாரும் வியப்பதில்லை. அவரவர் நாக்கு என்று விட்டுவிடுகிறோம். ஆனால் ஒரு ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு, "சத்தம் அவ்வளவு நன்றாக இல்லையே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் மட்டும் வீட்டில் பட்டிமன்றம் கூடிவிடுகிறது. "நல்ல கம்பெனி ஆயிற்றே", "இவ்வளவு விலை கொடுத்திருக்கிறோமே", "எல்லோரும் புகழ்கிறார்களே" என்று சாட்சிகள் வரிசையாக வருகின்றன. கடைசியில் கேட்டவருக்குக் காது சரியில்லை, அல்லது ரசனை போதாது என்று தீர்ப்பாகிறது.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் நியாயமற்றது என்பது என் கருத்து. ஹெட்போன் ஏதோ இளைஞர்களின் விளையாட்டுச் சாமான், இதற்கு ஒரு கட்டுரையா என்று வாசக அன்பர்கள் எண்ண வேண்டாம். மும்பை போன்ற ஊரில், சுவரோடு சுவர் ஒட்டிய ஃபிளாட்டுகளில் வாழும் நமக்கு, காலை ஆறு மணிக்கு நாதஸ்வரத்தை உரக்க வைத்துக் கேட்கும் வசதி இல்லை. பக்கத்து வீட்டாருக்கு இரவு ஷிஃப்ட், உள்ளறையில் பேரனுக்குப் பரீட்சை. ஊரை விட்டு வந்து பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பல பெரியவர்களுக்குத் தமிழ்ப் பாட்டும் தமிழ்ப் பேச்சும் இன்று காதில் மாட்டும் இந்தக் கருவியின் வழியாகத்தான் வருகின்றன. அது அவர்களுக்குப் பொருந்தவில்லை என்றால் அவர்கள் சண்டை போடுவதில்லை. கழற்றி வைத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறார்கள். நான் கவலைப்படுவது அதற்காகத்தான்.

பழுது வேறு, ருசி வேறு

டிப்ளமோ முடித்து 1982-ல் ரயில்வே வேலைக்காக அன்றைய பம்பாய்க்கு வந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை, என் வேலை பெட்டிகளோடும் சக்கரங்களோடும்தான். அந்தக் காலத்தில் வண்டி நின்றதும் ஒரு தொழிலாளி நீண்ட கைப்பிடி உள்ள சுத்தியலோடு வரிசையாகச் சக்கரங்களைத் தட்டிக்கொண்டே போவார். நல்ல சக்கரம் கோயில் மணி போல 'கணீர்' என்று இழுத்து ஒலிக்கும். விரிசல் விட்டதோ தளர்ந்ததோ 'டப்' என்று மட்டையாக விழும். அந்த ஓசையைத் தமிழன் கேட்டாலும் மராத்தியர் கேட்டாலும் முடிவு ஒன்றுதான். "எனக்கு மட்டை ஓசைதான் பிடிக்கும்" என்று அங்கே யாரும் சொல்ல முடியாது.

ஹெட்போனிலும் இப்படிப்பட்ட பழுதுகள் உண்டு. ஒரு பக்கம் உரத்தும் ஒரு பக்கம் தாழ்ந்தும் கேட்பது, ஒலியைச் சற்று ஏற்றினால் கரகரப்பது, வயரை அசைத்தால் விட்டு விட்டு வருவது. இவற்றில் ருசிக்கு இடமில்லை. கடைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால், ஒன்றில் பேஸ் கனமாக இருக்கிறது, இன்னொன்றில் குரல் முன்னால் நிற்கிறது, மூன்றாவதில் ஜால்ரா பளிச்சென்று தெரிகிறது என்றால் அவை பழுதல்ல. செய்தவர் அப்படி அமைத்திருக்கிறார். அந்தக் கால ரேடியோவிலும் டேப் ரிக்கார்டரிலும் பேஸ், ட்ரெபிள் என்று இரண்டு திருகு இருக்கும். அப்பா ஒரு பக்கம் திருப்புவார், பிள்ளை வந்து மறுபக்கம் திருப்புவான். யார் சரி என்று யாரும் கேட்டதில்லை. இன்று அந்தத் திருகை நமக்காகக் கம்பெனிக்காரர்களே திருப்பி வைத்து விற்கிறார்கள். ஒருவருக்குப் பிடித்த அளவு இன்னொருவருக்குப் பிடிக்காமல் போவதில் என்ன ஆச்சரியம்?

ஆராய்ச்சியாளர்கள் கண்டது

இதை முறையாகச் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவ், டாட் வெல்டி ஆகியோர் பல ஆண்டுகள் ஹெட்போன் ஒலியை ஆராய்ந்தார்கள். 2018-ல் அவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வில், 130 பேர் கொடுத்த மதிப்பெண்களை வைத்துக் கேட்பவர்களை மூன்று கூட்டமாகப் பிரித்தார்கள். 100-க்கு 64 பேருக்கு, அந்நிறுவனம் நல்ல ஒலி என்று வகுத்த அளவே பிடித்தது. 15 பேருக்கு அதைவிடப் பேஸ் கூடுதலாக வேண்டும். இவர்களில் இளைஞர்கள் மிகுதி. 21 பேருக்குப் பேஸ் குறைவாக இருந்தால்தான் பிடிக்கிறது; இவர்களில் பெண்களும் 50 வயதைத் தாண்டியவர்களும் மிகுதி.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ருசி என்பது தலைக்குத் தலை கண்டபடி சிதறிக் கிடக்கவில்லை. பெரும்பான்மைக்கு ஒத்துப்போகும் ஓர் அளவு உண்டு. ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் அந்த அளவுக்கு வெளியே நிற்கிறார்கள். அவர்கள் காது கெட்டவர்கள் அல்லர். பேரனும் பாட்டியும் ஒரே ஹெட்போனைப் பற்றி எதிரெதிராகப் பேசினால், இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

'விலை' என்ற சாட்சியும் அவ்வளவு நம்பகமானதல்ல. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017-ல் 283 ஹெட்போன்களை அளந்து பார்த்தார். எந்தச் சுருதியை எவ்வளவு ஒலிக்கிறது என்ற அளவுக்கும் விலைக்கும் தொடர்பே காணப்படவில்லை. அதிக விலை வீண் என்று இதற்குப் பொருளல்ல. உழைப்பு, காதுக்கு மெத்தென்ற உறை, வெளிச் சத்தத்தை அடக்கும் வசதி என்று பலவற்றுக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுக்கிறோம். ஆனால் விலை ஏறினால் ஒலியும் நம் மனதுக்கு இசைவாக ஏறும் என்ற உத்தரவாதம் கிடையாது.

கண்ணும் நம்மை ஏமாற்றும். ஃபிளாய்ட் டூல் என்பவரும் மேற்சொன்ன ஆலிவும் 1994-ல் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரே ஒலிபெருக்கிகளை முதலில் திரைக்குப் பின்னால் வைத்தும், பிறகு கண்ணெதிரே வைத்தும் கேட்கச் செய்தார்கள். பெட்டியைப் பார்த்ததும் மதிப்பெண்கள் மாறிவிட்டன. கேட்டவர்களில் அனுபவசாலிகளும் இருந்தார்கள்.

நம் பாட்டும் நம் காதும்

நம் சங்கீதத்துக்கு என்று சில விசேஷங்கள் உண்டு. மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் ரவைப் பசை அப்பிக் கனத்த நாதம் வரவழைக்கிறார்கள். பேஸ் மிகுந்த ஹெட்போனில் அந்தத் தொப்பி ஊதிப் பெருத்து, பாடகரின் குரல்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அதே ஹெட்போனில் இளையராஜாவின் பாடல்களில் பேஸ் கிடார் நடக்கும் நடை அழகாகத் துலங்கும். ரகுமானுக்குப் பின் வந்த பாடல்களுக்கும் அது பொருத்தம். 1950-களின் திரைப்பாட்டுக்கோ வேறு தேவை. அவற்றில் குரல்தான் பிரதானம். ட்ரெபிள் தூக்கிய கருவியில் குரலைவிடப் பழைய ஒலிப்பதிவின் இரைச்சல்தான் முன்னால் வரும். ஆகவே 'எது நல்ல ஹெட்போன்?' என்று கேட்பவரிடம், 'யாருடைய பாட்டைக் கேட்கப் போகிறீர்கள்?' என்று திருப்பிக் கேட்பதுதான் முறை.

கருவி ஒன்றே ஆனாலும் ஒவ்வொரு காதிலும் அது ஒலிப்பது ஒன்றல்ல. காதுக்குள் செருகும் வகையில், ரப்பர் முனை துளையை நன்றாக அடைக்காவிட்டால் பேஸ் கசிந்து போய்விடும். காதை மூடும் வகையில், மூக்குக் கண்ணாடியின் காம்பு உறையைத் தூக்கிக்கொண்டு நின்றால் அங்கேயும் அதே கசிவு. பேரன் 'அபாரம்' என்று சொன்னதைத் தாத்தா மாட்டிக்கொண்டு 'சப்பென்று இருக்கிறது' என்றால், குற்றவாளி தாத்தாவின் கண்ணாடிக் காம்பாகவும் இருக்கலாம்.

ஒலியின் அளவும் ருசியை மாற்றும். பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். மெல்ல வைத்தால் கீழ்ச் சுருதிகள் காதுக்குக் குறைவாகவே எட்டும். உரக்க வைத்தால் அவை நிறைந்து கேட்கும். கடையில் இரண்டைச் சோதிக்கும்போது எது கொஞ்சம் உரக்க இருக்கிறதோ அதுவே உயர்ந்ததாகத் தோன்றும்.

மூன்றாவது கேள்வி

பழுது, ருசி இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று உண்டு. அது கேட்கும் திறன். வயது ஏற ஏற முதலில் மங்குவது உயர்ந்த சுருதிகள். ச, ஸ, த போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. உயிரெழுத்துகள் உரக்கக் கேட்கும், மெய்யெழுத்துகள் நழுவும். 'சத்தம் கேட்கிறது, வார்த்தை புரியவில்லை' என்று பெரியவர்கள் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான்.

செம்பூரில் எனக்கு ஒரு நண்பர். வெளிநாட்டிலிருக்கும் மகன் விலை உயர்ந்த ஹெட்போன் ஒன்றை ஆசையோடு அனுப்பியிருந்தான். இவர் இரண்டு நாள் கேட்டுவிட்டு, "பாட்டு கிணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்குப்பா" என்றார். "அப்பாவுக்கு நான் எது வாங்கினாலும் பிடிக்காது" என்று மகனுக்கு வருத்தம். பெட்டி பீரோவுக்குள் போய்விட்டது. தலையணை அருகே செல்போனை வைத்து, அதன் சின்ன ஒலிபெருக்கியிலேயே சீர்காழியைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனபோது அவர் போனில் ஈக்வலைசரைத் திறந்து பேஸைக் குறைத்து, குரல் இருக்கும் பகுதியைச் சற்று உயர்த்திக் கொடுத்தேன். பழைய இரண்டு திருகுகளின் பேரப்பிள்ளைதான் இந்த ஈக்வலைசர். பல போன்களில் இருக்கிறது, நாம்தான் தேடுவதில்லை. அன்று அவர் ஒரு மணி நேரம் ஹெட்போனைக் கழற்றவில்லை. பிறகு காது மருத்துவரிடம் சோதித்ததில் உயர்சுருதிகளில் குறைவு இருப்பதும் தெரிந்தது. தந்தை குறை சொல்பவரல்லர், மகன் கொடுத்ததும் மட்டமான பொருளல்ல. இதைச் சொல்ல இருவருக்கும் நடுவில் ஆளில்லை, அவ்வளவுதான்.

இளைஞர்கள் பக்கமும் ஒரு வார்த்தை. கனத்த பேஸ் பிடிப்பது குற்றமல்ல. ஆனால் அதற்காக ஒலியை ஏற்றிக்கொண்டே போவது ருசி சம்பந்தப்பட்டதல்ல. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 83-க்கு 20 மணி, 86-க்கு 10 மணி. உள்காதின் நுண்ணிய மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. லோக்கல் ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியை ஏற்றுவதைவிட, வெளிச் சத்தத்தை அடக்கும் ஹெட்போனை வாங்கி மெல்ல வைத்துக் கேட்பது நல்லது.

வாங்கும் முன்

லாமிங்டன் ரோடுக்குப் போனாலும் சரி, வீட்டிலிருந்தபடி வரவழைத்தாலும் சரி, என் யோசனை இதுதான். யாருக்கு வாங்குகிறோமோ அவரையே கேட்கவிடுங்கள். கடைக்காரர் போடும் பாட்டு வேண்டாம். அவருக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைப் போடுங்கள். இரண்டையும் ஒரே அளவு ஒலியில் வையுங்கள். விலையும் பெயரும் அவர் கண்ணில் படவேண்டாம். கண்ணாடி அணிபவர் கண்ணாடியோடே கேட்கட்டும். பத்து நிமிடமாவது கேட்கட்டும். முதல் நிமிடத்தில் பளபளப்பாகத் தெரிவது பத்தாவது நிமிடத்தில் தலைவலி ஆவதுண்டு. பிறகு அவர் சொல்வதை மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்ளுங்கள்.

நம் சங்க நிர்வாகக் குழுவுக்கும் ஒரு வேண்டுகோள். ஒரு ஞாயிறு மாலை நான்கைந்து ஹெட்போன்களைத் துணி சுற்றி, எண் ஒட்டி வைப்போம். ஒரு நாதஸ்வரம், ஒரு பழைய திரைப்பாட்டு, ஒரு புதிய பாட்டு. பெரியவர், சிறியவர் எல்லோரும் தனித்தனியே கேட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் காட்டாமல் தமக்குப் பிடித்த எண்ணைச் சீட்டில் எழுதட்டும். அதே மாலை ஒரு காது பரிசோதகரையும் அழைத்து, 60 வயதைக் கடந்தவர்களுக்குச் செவித்திறன் சோதனை செய்யலாம். ஹெட்போன்களை இளைஞர் அணி கொண்டு வரட்டும். ஒலி அளவைச் சமமாக வைக்கும் வேலையையும் சீட்டு எண்ணும் வேலையையும் நான் ஏற்றுக்கொள்கிறேன்.