உறைமேல் முகவரி சரி, ஸ்டாம்ப் எத்தனை ரூபாய்க்கு?

நண்பர்களே, கொஞ்சம் நீளமான பதிவு. பணியில் இருக்கும் ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளில் கடிதம் எழுதச் சொல்கிறோம். அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு. கடைசியில் கட்டம் போட்டு உறைமேல் முகவரி. அந்தக் கட்டத்தின் வலது மூலையில் எத்தனை ரூபாய்க்கு ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று நான் பார்த்த எந்த வினாத்தாளும் கேட்டதில்லை. ஸ்டாம்ப் இல்லாத கடிதத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கும் ஒரே இடம் பள்ளிக்கூடம்தான்.

"வாட்ஸ்அப் காலத்தில் இது எதற்கு சார்?" என்று கேட்பீர்கள். தகவல் உரிமை மனு போடுகிறவரையும், நின்றுபோன முதியோர் உதவித்தொகைக்காக எழுதுகிற பாட்டியையும் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கையில் இன்னும் காகிதம்தான் இருக்கிறது.

கணக்கு மிகச் சிறியது. சாதாரணக் கடிதத்துக்கு முதல் 20 கிராம் வரை 5 ரூபாய். அதற்கு மேல் ஒவ்வொரு 20 கிராமுக்கும், அதில் ஒரு பகுதிக்கும், இன்னொரு 5 ரூபாய். "பகுதிக்கும்" என்ற சொல்லில்தான் எல்லாரும் வழுக்குகிறார்கள். 21 கிராம் என்றால் ஐந்தேகால் ரூபாய் இல்லை, 10 ரூபாய். 1.05-ஐ முழுமையாக்கினால் 1 என்று வகுப்பில் சொல்கிறோம். தபால் கணக்கில் அது 2. நாற்பது பேர் ஏறும் பஸ்ஸில் நாற்பத்தொரு பிள்ளைகளைக் கூட்டிப் போக இரண்டு பஸ் வேண்டும் அல்லவா, அதே கணக்குதான்.

"தராசுக்கு எங்கே போவது?" தராசே வேண்டாம். பதினாறு ஏ4 தாள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். 80 ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு 80 கிராம். பதினாறால் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். மனு இரண்டு தாள், ஜெராக்ஸ் மூன்று தாள்: 25 கிராம். சாதாரணக் கவருக்கு ஒரு 5 கிராம் வைத்துக்கொண்டால் 30. ஆக 10 ரூபாய் ஸ்டாம்ப். ஏழாம் வகுப்புப் பிள்ளை வாயாலேயே போட்டுவிடும்.

5 ரூபாய் மட்டும் ஒட்டிப் பெட்டியில் போட்டால்? குறைந்த தொகைக்கு இரட்டிப்பாக, 10 ரூபாய் டியூ, வாங்குகிறவர் தலையில் விழும். உங்கள் மனுவை டியூ கட்டி வாங்க எந்த அதிகாரி காத்திருக்கிறார்? வாங்க மறுத்தால் அது உங்களிடமே திரும்பும். அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்திருந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

"கவுன்டரில் கொடுத்தால் அவர்களே எடை போட்டுச் சொல்வார்களே?" சொல்வார்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவருக்குத்தான் அது உதவும். 2025 செப்டம்பரிலிருந்து பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது. 50 கிராம் வரை உள்ளூருக்கு 19 ரூபாய், வெளியூருக்கு 47 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் வெளியூருக்கு 55 ரூபாய் 46 காசு. போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி வேண்டிய கடிதத்துக்கு அதைக் கொடுக்கலாம், தவறில்லை. தங்கைக்கு நலம் விசாரித்து எழுதும் கடிதத்துக்கும் அதையே கொடுப்பது கணக்குத் தெரியாததற்குக் கட்டும் அபராதம்.

இன்னொன்று. "டெல்லிக்கு ஜாஸ்தி ஆகுமா சார்?" என்று இன்றும் கேட்கிறார்கள். சாதாரணக் கடிதத்துக்குத் தூரம் கணக்கில்லை, எடைதான் கணக்கு. ஒரு காலத்தில் தூரத்துக்குத் தகுந்த கூலி இருந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலாவுக்கு ஒரு ரூபாய். 1854 அக்டோபரில் அது மாறியது. இந்தியாவுக்குள் எங்கே அனுப்பினாலும் கால் தோலாவுக்கு அரையணா என்றார்கள். கன்னியாகுமரிக்காரரும் காஷ்மீருக்கு 5 ரூபாயில் எழுதலாம் என்பது அன்று கிடைத்த உரிமை. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்காமல் உறைமேல் முகவரியை மட்டும் மனப்பாடம் செய்ய வைப்பது என்ன கல்வி?

புதுப் பாடத்திட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடுத்த முறை கடிதப் பாடம் நடத்தும்போது, தமிழாசிரியர் கடிதத்தை எழுத வைக்கட்டும். கணக்கு ஆசிரியர் எடையைக் கேட்கட்டும். பிள்ளைகள் உண்மையான ஸ்டாம்பை ஒட்டி, உண்மையான பெட்டியில் போடட்டும். பதில் வருகிறதா என்று வகுப்பே காத்திருக்கும்.

இதற்கு ஒரு பீரியட் போதும். இல்லை என்று சொல்கிறவர்கள் கமென்டில் வாருங்கள், பேசுவோம்.