கட்டுமாவடிப் படகும் அன்னிய மூலதனமும்

இன்ஷுரன்ஸ் கம்பெனிகளில் நூற்றுக்கு 26 பங்கு வரை அன்னியர் வைத்துக்கொள்ள 1999-ஆம் வருஷத்துச் சட்டம் இடமளித்தது. அது 2015-ல் 49 ஆயிற்று. 2021-ல் 74 ஆயிற்று. 2025 டிசம்பரில் பார்லிமெண்டு 100-க்கும் வழி திறந்துவிட்டது. மூலதனம் வந்தால் போட்டி பெருகும், கட்டணம் குறையும் என்பது சர்க்கார் தரப்பு வாதம். அதை நாம் அலட்சியம் செய்யவில்லை. கட்டுமாவடிக் கரையில் நிறுத்திச் சோதிக்க விரும்புகிறோம்.

2018 நவம்பர் 16-ந் தேதி கஜாப் புயல் புதுக்கோட்டைக் கடற்கரையைச் சூறையாடியது. படகும் வலையும் நாசமாயின. மீனவர் சர்க்கார் நிவாரணத்தை எதிர்பார்த்து நின்றனர். இன்ஷுரன்ஸ் கம்பெனியின் வாயிலில் உரிமையுடன் நின்றவர் எத்தனை பேர்?

லாபம் நாடி வரும் மூலதனம் நகரத்து மோட்டார் வண்டியைத் தேடிச் செல்லும். நாட்டுப் படகைத் தானாகத் தேடி வாராது. கிராமங்களிலும் ஏழைகளிடத்தும் குறித்த அளவு தொழில் நடத்தியே தீரவேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் விதித்திருக்கிறது. அவ்விதியில் படகும் வலையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்படவேண்டும். அந்நிபந்தனையின்றி முழுக் கதவையும் திறப்பது நியாயமாகாது. புயலுக்குப் பின் கட்டுமாவடி மீனவர் கடன்படாமல் மறுபடகு இறக்கும் நாளில், அன்னிய மூலதனத்தால் தேசம் நன்மையடைந்தது என்பதை நாமும் ஒப்புக்கொள்வோம்.