லிமிடெட் எடிஷனும் ஹிர்ஸ்ட் ஐயாவின் கணக்கும்

2022 அக்டோபரில் லண்டன் நியூபோர்ட் ஸ்ட்ரீட் கேலரியில் ஒரு கூத்து நடந்தது. டேமியன் ஹிர்ஸ்ட் என்கிற ஓவியர் தன்னுடைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேமராவுக்குக் காட்டி, கண்ணாடிக் கதவு வைத்த அடுப்பில் போட்டு எரித்தார். பைத்தியமெல்லாம் இல்லை. ஆள் உலகத்தின் பணக்கார ஓவியர்களில் ஒருவர். எரிப்பதற்கு முன்பே காசு வாங்கியாகிவிட்டது :-)

விஷயம் இதுதான். ஏ4 தாளில் கலர் கலராகப் பொட்டு வைத்த படங்கள், மொத்தம் 10,000. ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு தலைப்பு, பின்பக்கம் கையெழுத்து, ரூபாய் நோட்டு மாதிரி வாட்டர்மார்க், ஹாலோகிராம். தொகுப்பின் பெயரே 'தி கரன்சி'. 2021 ஜூலையில் ஒன்று 2,000 டாலர் என்று விற்றார்கள். வாங்கியவர் கைக்கு முதலில் வருவது என்.எஃப்.டி., அதாவது கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற ஒரு உரிமைச் சீட்டு. ஒரு வருஷத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். சீட்டைத் திருப்பிக் கொடுத்தால் தாள் வீட்டுக்கு வரும். சீட்டே போதும் என்றால் தாள் நெருப்புக்குப் போகும். கடைசியில் 5,149 தாள்கள் பிழைத்தன, 4,851 தாள்கள் எரிப்பதற்கென்று ஒதுக்கப்பட்டன. அந்த 4,851-ல் ஹிர்ஸ்ட் தனக்கென்று வைத்துக்கொண்ட ஆயிரமும் அடக்கம்.

பி.காம். படிக்கிறவனுக்கு ஓவியத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வகுப்பில் சிரிப்பார்கள். பெரிதாக ஒன்றும் தெரியாதுதான். ஆனால் ஹிர்ஸ்டைப் புரிந்துகொள்ள ஓவியத்தைவிட அக்கவுண்டன்சி அதிகம் உதவும் என்பது என் கட்சி. மனிதருடைய வரலாற்றைப் பாருங்கள். 1988-ல் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே, லண்டன் துறைமுகப் பகுதியில் காலியாகக் கிடந்த ஒரு கட்டடத்தில் சக மாணவர்களைச் சேர்த்து 'ஃப்ரீஸ்' என்று கண்காட்சி நடத்தினார். 1991-ல் சார்ல்ஸ் சாட்சி கொடுத்த காசில் ஒரு சுறாமீனை ஃபார்மால்டிஹைடு தொட்டியில் மிதக்கவிட்டார். 1995-ல் டர்னர் பரிசு. பொட்டுப் படங்களில் பெரும்பாலானவற்றை உதவியாளர்கள்தான் வரைகிறார்கள், அதை அவர் மறைத்ததும் இல்லை. 2008 செப்டம்பர் 15, 16 தேதிகளில் கேலரி என்கிற இடைத்தரகரையே ஒதுக்கிவிட்டு, புதிய படைப்புகளை நேராக சோதபீஸ் ஏலத்துக்குக் கொண்டுபோனார். 11 கோடி பவுண்டுக்கு மேல் வசூல். ஏலம் தொடங்கிய அதே 15-ஆம் தேதிதான் லீமன் பிரதர்ஸ் திவால் மனு போட்டது. இவ்வளவு துல்லியமான டைமிங் எந்த ஃபண்ட் மேனேஜருக்கும் வாய்த்ததில்லை.

அந்த ஏலத்தில் வாங்கியவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. அவர்கள் கோடீஸ்வரர்கள், பார்த்துக்கொள்வார்கள். எனக்கு உறுத்துவது பிரிண்ட் வாங்குகிறவர்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவர் ஆசைப்பட்டால் பெரிய ஓவியரிடம் வாங்கக்கூடியது லிமிடெட் எடிஷன் பிரிண்ட் மட்டும்தான். அதற்கும் அவர் சில மாதச் சேமிப்பைக் கொடுக்க வேண்டும். பதிலுக்கு என்ன வாங்குகிறார்?

பழைய முறையில் இதற்குத் தெளிவான பதில் இருந்தது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை பூசி, துடைத்து, தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். அழுத்த அழுத்தக் கீறலின் விளிம்பு தேயும். சில டஜன் பிரதிகளுக்குப் பிறகு கோடு மங்கிவிடும். அதாவது 'இவ்வளவுதான்' என்பதை உலோகமே சொல்லிவிட்டது. அதற்கு மேல் யாரும் எடுத்துவிடக் கூடாது என்று தகட்டின் குறுக்கே கோடு கிழித்து அதைச் செல்லாததாக்கும் வழக்கமும் உண்டு. தாளின் ஓரத்தில் பென்சிலால் 12/150 என்று எழுதினால் நூற்றைம்பதில் பன்னிரண்டாவது என்று பொருள். (இதில் ஒரு சின்ன ஓட்டை: ஓவியர் தனக்கென்று ஏ.பி. என்று எழுதி எடுத்துக்கொள்ளும் பிரதிகள் இந்த 150-ல் சேராது. பத்து சதவீதம் வரை வழக்கம்.)

இன்றைக்கு ஓவியத்தை ஸ்கேன் செய்து இங்க்ஜெட்டில் அடிக்கிறார்கள். முதல் பிரதிக்கும் லட்சமாவது பிரதிக்கும் வித்தியாசம் கிடையாது. மெஷினுக்கு லிமிட் தெரியாது. லிமிட் என்பது விற்பவர் கொடுக்கிற வாக்கு, அவ்வளவே. அந்த வாக்கு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு டாலி ஒருவரே போதும். 1974-ல் அண்டோராவுக்குப் போன ஒரு லாரியை பிரெஞ்சு சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தபோது, உள்ளே 40,000 வெள்ளைத் தாள்கள். படம் எதுவும் இல்லை, கீழே டாலியின் கையெழுத்து மட்டும்!

ஒரு கம்பெனி புதிதாகப் பங்கு வெளியிட வேண்டும் என்றால் எத்தனை சடங்கு என்று நாம் மனப்பாடம் செய்கிறோமே... தீர்மானம், பழைய பங்குதாரருக்கு முதல் உரிமை, பதிவாளருக்குப் படிவம். பிரிண்ட் வாங்கியவருக்கு இதில் ஒன்றும் கிடையாது. வில்லியம் எகிள்ஸ்டன் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் விவகாரம் ஒன்று உண்டு. அவருடைய பழைய லிமிடெட் எடிஷன் பிரதிகளை ஒருவர் காசு கொட்டிச் சேர்த்து வைத்திருந்தார். 2012-ல் எகிள்ஸ்டன் அதே படங்களில் சிலவற்றைப் பெரிய சைஸில், டிஜிட்டல் முறையில் புதிதாக அடித்து கிறிஸ்டீஸ் ஏலத்தில் விற்றார். 59 லட்சம் டாலர் வசூல். சேகரித்தவர் கோர்ட்டுக்குப் போனார். 2013-ல் வழக்கு தள்ளுபடி. சைஸும் முறையும் வேறு, ஆகவே அது வேறு எடிஷன்! சட்டப்படி சரியாக இருக்கலாம். என் மனசு சேகரித்தவர் பக்கம்தான்.

ஹிர்ஸ்டின் பிரிண்ட் வியாபாரத்துக்கு வருகிறேன். 2021 பிப்ரவரி கடைசியில் 'தி வர்ச்சூஸ்' என்று செர்ரி பூ மரங்களின் எட்டு பிரிண்ட். ஒன்று 3,000 டாலர். எத்தனை பிரதி என்று முன்கூட்டியே சொல்லவில்லை. சில நாள் கடை திறந்திருக்கும், அதற்குள் எத்தனை பேர் கேட்கிறார்களோ அத்தனை அடிப்போம் என்றார்கள். எட்டும் சேர்த்து 7,481 பிரதி விற்றது. போட்டுப் பாருங்கள், 2 கோடியே 24 லட்சம் டாலர் சொச்சம். பணம் கட்டும்போது தான் வாங்குவது எத்தனையில் ஒன்று என்று யாருக்கும் தெரியாது. இதையும் லிமிடெட் என்றே சொல்கிறார்கள். சிரிப்பு வருகிறது. ஆனால் இதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன். விதியை முன்னாலேயே சொல்லிவிட்டார்கள், தெரிந்துதான் வாங்கினார்கள். ஊருக்கெல்லாம் கிடைக்கட்டும் என்றால் அதுவும் நல்லதுதானே.

'தி கரன்சி' விஷயத்தை அப்படி விட முடியவில்லை. அந்தப் பத்தாயிரமும் 2016-ல் செய்யப்பட்டவை என்று சொல்லித்தான் விற்றார்கள். 2024 மே மாதம் கார்டியன் பத்திரிகை, அவற்றில் குறைந்தது ஆயிரம் படங்கள் 2018, 2019-ல் வேலைக்கு ஆள் வைத்து வரையப்பட்டவை என்று எழுதியது. ஹிர்ஸ்ட் தரப்பு சொன்ன பதில்: ஒரு தொகுப்புக்கு அது மனசில் உருவான தேதியைப் போடுவது அவருடைய வழக்கம். இந்த லாஜிக்கில் நான் அசைன்மென்ட் தேதியைப் போட்டால் புரொபசர் விடுவாரா?

நண்பன் ஒருவன் கேட்டான், "படம் அதே படம்தானே, 2016 ஆனால் என்ன, 2019 ஆனால் என்ன?" சுவரில் மாட்டி ரசிப்பதற்கு என்றால் ஒன்றும் இல்லைதான். ஆனால் ரசிக்க மட்டும் என்றால் எண் எதற்கு, வாட்டர்மார்க் எதற்கு, ஹாலோகிராம் எதற்கு? ஒரே மாதிரியான பத்தாயிரம் பொட்டுத் தாளில் ஒன்றுக்கு 2,000 டாலர் என்றால், அந்த விலை பொட்டுக்கு அல்ல. கூடவே எழுதித் தந்த விவரங்களுக்கு. எத்தனை, யார், எப்போது. இந்த மூன்றில் ஒன்றைத் தன் இஷ்டத்துக்கு அர்த்தம் செய்துகொள்ளலாம் என்றால், மற்ற இரண்டை மட்டும் எப்படி நம்புவது? நெருப்பில் போட்டதற்கு எண் வாரியாகக் கணக்கு வைத்து, கேமரா முன்னால் காட்டினார். வரைந்ததற்கும் அதே அக்கறை இருந்திருக்கலாம் என்றுதான் கேட்கிறேன்.

கலிபோர்னியாவில் 1970-களிலிருந்தே, எண் போட்ட பிரிண்ட் விற்பவர் எந்த வருஷம் அடித்தது, மொத்தம் எத்தனை, தகடு அழிக்கப்பட்டதா என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாத ஊரிலும் வாங்குகிறவர் வாய்விட்டுக் கேட்கலாம். ஏ.பி. எத்தனை? வேறு சைஸில் இதே படம் வருமா? தாளில் உள்ள வருஷம் அடித்த வருஷமா, யோசித்த வருஷமா? கடைசிக் கேள்வியை எந்தக் கேலரிக்காரரும் எதிர்பார்த்திருக்க மாட்டார். கேட்டுவிட்டு முகத்தைப் பாருங்கள்.