மெஷினுக்குள்ள ஒரு டிரைவர்... அவரைக் கவனிச்சுக்கிறது யாரு? | பட்டனுக்குப் பின்னால் - 14

எங்கள் வீட்டு வாஷிங் மெஷினுக்கு ஆறு வயது. போன மாதம் ஒருநாள் ‘கர்ர்ர்’ என்று ஒரு சத்தம், அதோடு டிரம் நின்றுவிட்டது. சர்வீஸுக்கு வந்த அண்ணன் கழற்றிப் பார்த்துவிட்டு மோட்டார் போய்விட்டது என்றார். புது மோட்டார் வந்தது. மாட்டியதும் தண்ணீர் நிரம்பியது, துணி இரண்டு சுற்று சுற்றியது, உடனே டிஸ்ப்ளேயில் ஒரு எரர் கோடு. ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடியும் அதே இரண்டு சுற்று, அதே எரர்.

ஒரு மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு அவர் சொன்னார். “மோட்டார் நல்லா இருக்கும்மா. போர்டும் நல்லா இருக்கு. ரெண்டுக்கும் ஒத்துக்கலை. இது புது டைப் மோட்டார், போர்டுல இருக்கிற புரோகிராம் பழசு.”

“சம்பந்தி சண்டை மாதிரியா?” என்றார் அம்மா.

அண்ணன் சிரித்துக்கொண்டே, வேறு போர்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டுப் போனார். எனக்குத்தான் மண்டைக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அன்று இரவே எதிர் பிளாட் அக்காவைப் பிடித்தேன். அக்கா எம்பெடட் சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவர். அதாவது கம்ப்யூட்டர் என்று நாம் நினைக்கவே நினைக்காத பொருள்களுக்குள் இருக்கிற குட்டிக் கம்ப்யூட்டர்களுக்கு புரோகிராம் எழுதுகிற வேலை. அதிலும் அவர் பார்ப்பது ‘டிரைவர் மெயின்டனன்ஸ்’. ஒரு கல்யாண வீட்டில் அவர் அப்பா இதைப் பெருமையாகச் சொல்லப்போக, “ஓ, டிராவல்ஸா? எத்தனை வண்டி ஓடுது?” என்று கேட்டுவிட்டார்களாம்.

இந்த டிரைவருக்கு லைசென்ஸ் கிடையாது. இது ஒரு புரோகிராம் துண்டு. உங்கள் மெஷினில் மேலே ஓடுகிற புரோகிராமுக்கு ‘டிரம்மைச் சுத்து’ என்று சொல்லத்தான் தெரியும். எந்தக் கம்பியில் எந்த நொடியில் மின்சாரம் விட வேண்டும், எவ்வளவு விட வேண்டும், நிஜமாகவே சுற்றுகிறதா என்று சென்சாரிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் டிரைவருக்குத்தான் தெரியும். ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு பாஷை. அந்த பாஷை பேசத் தெரிந்த ஆள் அது ஒன்றுதான்.

“சரிக்கா, போன்லயும் டிரைவர் இருக்கு, லேப்டாப்லயும் இருக்கு. இதுல என்ன ஸ்பெஷல்?”

“நேரம்” என்றார். “அடுப்புல பால் வெச்சிருக்க. போன் அடிக்குது, காலிங் பெல் அடிக்குது. எதை முதல்ல பார்ப்ப?”

“பாலைத்தான்.”

“அதான் ரியல்-டைம் ஆபரேட்டிங் சிஸ்டம். போன் ரெண்டு நிமிஷம் கழிச்சு எடுத்தாலும் குத்தமில்ல. பால் பொங்குற செகண்டுக்கு நீ அங்க இல்லைன்னா முடிஞ்சுது. வேகமா வேலை பார்க்கிறது பெருசில்ல. சொன்ன நேரத்துக்கு அங்க இருக்கணும்.”

காரின் ஏர்பேக், ஆஸ்பத்திரியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப், லிஃப்ட் பிரேக் எல்லாம் இந்தப் பால் கேஸ்தான். சரி, புரோகிராம் எழுதியாயிற்று, ஓடுகிறது. பிறகு வருஷக்கணக்கில் எதற்கு மெயின்டனன்ஸ்? துருவா பிடிக்கும்?

“அது துருப்பிடிக்காது. சுத்தி இருக்கிறதுதான் மாறிக்கிட்டே இருக்கும்” என்றார் அக்கா. சென்சார் கம்பெனி அந்த மாடலை நிறுத்திவிடும். சிப்பில் தப்பு இருக்கிறது என்று சிப் கம்பெனியே இரண்டு வருஷம் கழித்துப் பட்டியல் போடும். 2021-ல் உலகம் முழுக்க சிப் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கிறதா? அப்போது டெஸ்லா கம்பெனி கிடைத்த மாற்று சிப்களைப் போட்டு, அதற்கேற்றபடி புரோகிராமைச் சில வாரங்களில் மாற்றி எழுதியதாக எலான் மஸ்க்கே சொன்னார். சிப்பை மாற்றினால் மட்டும் கார் ஓடாது. எங்கள் வீட்டு மோட்டார் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில்.

“வாஷிங் மெஷின்னா எரர் காட்டிட்டு நிக்கும். நிக்காத மெஷினும் இருக்கு. தெராக்-25னு தேடிப் படி. படிச்சுட்டு வா, அப்புறம் பேசலாம்” என்று அனுப்பிவிட்டார்.

படித்தேன். இரண்டு இரவுகள் போயின.

தெராக்-25 என்பது புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தரும் மெஷின். தயாரித்தது கனடாவின் அரசு நிறுவனமான ஏ.இ.சி.எல். அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சேர்த்து மொத்தமே 11 மெஷின்கள்தான். அதை இயக்கியது பி.டி.பி-11 என்ற கம்ப்யூட்டர். அதில் ஓடியது இந்த மெஷினுக்காகவே எழுதப்பட்ட ஒரு ரியல்-டைம் சிஸ்டம். அதன் பெரும்பகுதியை எழுதியவர் ஒரே ஒருவர். முந்தைய மாடல்களின் புரோகிராமிலிருந்து பல பகுதிகள் இதற்கு எடுத்துவரப்பட்டன.

இந்த மெஷினில் இரண்டு வகை சிகிச்சை உண்டு. தோலுக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டிக்கு எலெக்ட்ரான் கதிர், ஆழத்தில் இருப்பதற்கு எக்ஸ்-ரே. எக்ஸ்-ரேக்கு ஏறக்குறைய 100 மடங்கு அதிக மின்னோட்டம் உள்ள கதிர் வேண்டும். அது நேராக உடம்பில் படாது. நடுவில் ஓர் உலோகத் தகட்டில் மோதி, எக்ஸ்-ரேயாக மாறி, பரவிய பிறகுதான் வரும். எந்த சிகிச்சைக்கு எது நடுவில் வர வேண்டும் என்பதை ஒரு சுழல் தட்டு தீர்மானிக்கும். தட்டு எலெக்ட்ரான் நிலையில் இருக்கும்போது எக்ஸ்-ரே அளவுக் கதிர் பாய்ந்தால்? பாயக் கூடாது. முந்தைய மாடலான தெராக்-20-ல் அதைத் தடுக்கத் தனியாக ஒரு மின்சுற்று இருந்தது. புரோகிராம் என்ன உளறினாலும் அந்தச் சுற்று விடாது. 25-ல் அந்தக் காவலை எடுத்துவிட்டார்கள். புரோகிராமே பார்த்துக்கொள்ளும் என்று நம்பினார்கள். பழைய மெஷின்களில் ஒழுங்காக ஓடிய புரோகிராம்தானே!

1986 மார்ச் 21. டெக்சாஸ் மாநிலம் டைலரில் ஒரு புற்றுநோய் மையம். ஏற்கெனவே 8 முறை சிகிச்சை எடுத்துக்கொண்ட ஒரு நோயாளி படுத்திருக்கிறார். வெளியறையில் ஆபரேட்டர். அவர் அந்த மெஷினில் கை தேர்ந்தவர், டைப் செய்வதில் நல்ல வேகம். எலெக்ட்ரானுக்கு ‘இ’ போடுவதற்குப் பதில், பழக்க தோஷத்தில் எக்ஸ்-ரேக்கான ‘எக்ஸ்’ போட்டுவிட்டார். உடனே கவனித்து, மேல்நோக்கிய அம்புக்குறி கீயை அழுத்தி, அந்த ஓர் எழுத்தை மாற்றிவிட்டுக் கடகடவென்று கீழே வந்தார். திரையில் எல்லாம் சரியாக இருந்தது. கதிரை ஆன் செய்தார். ‘மால்ஃபங்ஷன் 54’ என்று வந்தது.

அப்படி என்றால் என்ன? கூட இருந்த கையேட்டில் உருப்படியான விளக்கம் எதுவும் இல்லை. இப்படி ஏதாவது ஒரு நம்பர் காட்டி மெஷின் நிற்பது அவர்களுக்கு அன்றாடம் பழகிப்போன விஷயம். ‘தொடர்க’ கீயை அழுத்தினார். உள்ளே நோயாளிக்கு முதுகில் ஷாக் அடித்த மாதிரி இருந்திருக்கிறது. எழுந்திருக்க முயன்றவர் மேல் இரண்டாவது முறையும் பாய்ந்தது. அன்றைக்கென்று பார்த்து அறையின் இன்டர்காம் வேலை செய்யவில்லை, கேமராவும் இணைக்கப்படவில்லை. அவர் கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. கொடுக்க வேண்டிய அளவு 180 ராட். அவர் உடம்பில் ஒரு சின்ன இடத்தில் பாய்ந்தது 16,500 முதல் 25,000 ராட் வரை இருக்கும் என்று பிறகு கணக்கிட்டார்கள். ஐந்து மாதங்களில் இறந்துபோனார்.

கம்பெனி ஆட்கள் வந்து சோதித்தார்கள். தவறை மறுபடி வரவழைக்க அவர்களால் முடியவில்லை. இந்த மெஷினில் அதிக அளவு பாய வாய்ப்பே இல்லை என்றார்கள். ஏப்ரல் 7-ல் மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 11-ம் தேதி அதே ஆபரேட்டர், அதே எழுத்துத் திருத்தம், அதே 54. அந்த நோயாளி மூன்று வாரம்கூட இருக்கவில்லை.

இதைக் கண்டுபிடித்தது அந்த மருத்துவமனையின் இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் ஹேகர். அவரும் ஆபரேட்டரும் மெஷின் முன்னால் உட்கார்ந்து, அன்று என்ன டைப் செய்தார்கள் என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார்கள். கடைசியில் வந்தது. எப்போது தெரியுமா? ஆபரேட்டர் வேகமாக டைப் செய்தபோது மட்டும்.

மெஷினுக்குள் கதிரை வளைக்கும் காந்தங்களைச் சரியான நிலைக்குக் கொண்டுவர சுமார் 8 விநாடி ஆகும். அந்த 8 விநாடிக்குள் திரையில் எதையாவது திருத்திவிட்டால், கதிரின் அளவைக் கவனிக்கும் பகுதிக்கு அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. சுழல் தட்டைக் கவனிக்கும் பகுதிக்கு மட்டும் போய்விட்டது. தட்டு ‘இ’ என்று நின்றது, கதிர் ‘எக்ஸ்’ என்று தயாரானது. மெதுவாக டைப் செய்கிற புது ஆளாக இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. இந்த இடத்தில் நான் போனைக் கீழே வைத்துவிட்டேன். வேலையில் கெட்டிக்காரியாக இருந்ததுதான் அந்தம்மாவை இதில் மாட்டிவிட்டது.

இன்னொரு விஷயம். டைலர் சம்பவம் வெளியே தெரிந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் தெராக்-20 வைத்திருந்தவர்களுக்கு ஒரு பழைய புதிர் விடுபட்டது. புது பேட்ச் மாணவர்கள் வந்து கீபோர்டில் கண்டபடி தட்டும்போதெல்லாம் அவர்கள் மெஷினில் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. அதே தவறு அந்தப் பழைய புரோகிராமிலும் இருந்திருக்கிறது! அங்கே தனி மின்சுற்று கதிரைத் தடுத்ததால் ஃபியூஸோடு போயிற்று. பழைய மெஷினில் புரோகிராம் ஒழுங்காக ஓடியது என்று நினைத்தார்களே, அது ஒழுங்காகவே ஓடவில்லை. பக்கத்தில் இருந்த காவல்காரர் சத்தமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

உடனடித் தீர்வாக ஏ.இ.சி.எல் என்ன சொன்னது தெரியுமா? மேல்நோக்கிய அம்புக்குறி கீயைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இன்சுலேஷன் டேப் ஒட்டச் சொன்னது. நிஜமாகத்தான். 1987 ஜனவரியில் வாஷிங்டன் மாநிலம் யாகிமாவில் இன்னொரு விபத்து நடந்தது, அது வேறு ஒரு தவறால். ஓர் எண்ணிக்கை 255-ஐத் தாண்டியதும் பூஜ்யமாகிவிடும். பூஜ்யம் என்றால் ‘எல்லாம் சரி, சோதிக்க வேண்டாம்’ என்று அர்த்தம். சரியாக அந்த நொடியில் ஆபரேட்டர் பட்டனை அழுத்திவிட்டார். 1985-லிருந்து 87 வரை மொத்தம் 6 விபத்துகள், குறைந்தது 3 மரணங்கள். பிறகுதான் தனி மின்சுற்றுக் காவல்கள் திரும்பி வந்தன. அந்த புரோகிராமை எழுதியவர் 1986-லேயே நிறுவனத்தை விட்டுப் போயிருந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகளும் அதிகம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அக்கா வீடு. காபி கொடுத்தார். “இப்ப சொல்லு, நான் என்ன வேலை பார்க்கிறேன்?”

“எட்டு செகண்டுக்குள்ள யாராவது மாத்தினா என்ன ஆகும்னு கேட்கிற வேலை.”

“கிட்டத்தட்ட.” ஒரு புது சென்சார் வந்தால் பழைய டிரைவரை அப்படியே போட்டு, ‘ஓடுது’ என்று டிக் அடிக்க மாட்டார்களாம். நடுவில் கம்பியை உருவிப் பார்ப்பார்கள். வோல்டேஜைக் குறைப்பார்கள். இரண்டு வேலைகள் ஒரே நொடியில் வந்து மோதுமாறு வேண்டுமென்றே செய்வார்கள். “சில சமயம் என் பையனை ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போய் பட்டனை அமுக்க விடலாமான்னு தோணும்” என்றார். பையனுக்கு நான்கு வயது. சிகாகோ மாணவர்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவன் இல்லை.

மருத்துவக் கருவிகளின் சாஃப்ட்வேருக்கென்று 2006-ல் ஐ.இ.சி 62304 என்று ஒரு சர்வதேச விதிமுறையே வந்துவிட்டது. எழுதி முடித்த பிறகு எப்படிப் பராமரிக்க வேண்டும் என்பதும் அதில் தனிப் பகுதி. விதிமுறை இருக்கட்டும், உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டுமே?

அக்கா லேப்டாப்பைத் திருப்பி ஒரு பட்டியலைக் காட்டினார். ஜெஃபைர் என்று ஒரு ரியல்-டைம் சிஸ்டம். 2016-ல் லினக்ஸ் ஃபவுண்டேஷன் ஆரம்பித்தது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதில் எந்தப் பகுதியை யார் கவனித்துக்கொள்கிறார்கள் என்று ஒரு ஃபைல் இருக்கிறது. ஒவ்வொன்றின் நிலையும் எழுதியிருக்கும். சிலவற்றுக்கு ‘பராமரிப்பில் உள்ளது’. சிலவற்றுக்கு ‘அவ்வப்போது திருத்தம் மட்டும்’. ‘பராமரிப்பார் இல்லை’ என்று போடவும் அதில் இடம் உண்டு. மெஷினுக்குள் இருக்கும் டிரைவருக்கு ஆள் இருக்கிறதா, இல்லையா என்று இவ்வளவு வெளிப்படையாக எழுதிவைக்கும் இடத்தை நான் பார்த்தது அன்றுதான். நம் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் இப்படி ஒரு போர்டு மாட்டினால் நன்றாக இருக்கும்.

“நான் பார்த்துக்கிற ஒரு சென்சாரை அந்த கம்பெனியே இப்ப தயாரிக்கிறதில்ல” என்றார் அக்கா. “ஆனா வித்ததெல்லாம் எங்கெங்கயோ இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கு?”

நேற்று சர்வீஸ் அண்ணன் புது போர்டோடு வந்தார். மாட்டினார். டிரம் சுற்றியது, நிற்கவில்லை. அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தெராக் கதையை ராத்திரி நான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“ஏம்ப்பா, இதுக்குள்ள இருக்கிற புரோகிராமை எழுதினது யாரு?”

“தெரியலையேம்மா. கம்பெனியில யாராவது எழுதியிருப்பாங்க.”

“அவங்க இன்னும் அங்கதான் வேலை பார்க்கிறாங்களா?”

அண்ணன் ஸ்க்ரூ டிரைவரைப் பைக்குள் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு, “எதுக்கும் இந்த ரசீதைப் பத்திரமா வெச்சுக்கங்கம்மா” என்றார்.