தறி வீட்டுக்கும் அந்தச் செய்தி போகட்டும்

பதினான்கு வயது நிறைந்த சிறுமிகளுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியைப் படிப்படியாகச் செலுத்த, தமிழக அரசு 2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் 36 கோடி ரூபாய் அறிவித்தது. மனமார வரவேற்கிறோம். ஆனால் ஊசிக்கு முன்னால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறியில் உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஒரு படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், பயம்தான் வரும்.

அந்தப் பயத்தைப் போக்கப் பள்ளி நூலகத்திலிருந்தே தொடங்கலாம். மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியின் வாழ்க்கையை மாணவிகள் வாசிக்கட்டும். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் போராடி இடம்பிடித்து, 1912இல் மருத்துவப் பட்டம் பெற்றவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தை மறக்காமல், 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை எழுப்பியவர். இதைப் படித்த பெண் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருப்பாளா? அம்மாவிடம் சொல்வாள், பாட்டியிடமும் சொல்வாள். அமுதசுரபியோடு வந்து மணிமேகலை பசி தீர்த்த ஊர் இது. பெண்ணின் கதை இங்கே புதிதல்ல. அண்ணாவைப் பறித்ததும் புற்றுநோயே. அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது.

அங்குள்ள மருத்துவர்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களுக்கு அழைக்க வேண்டும். கூட்டத்தைப் பகலில் வைத்தால் நெசவாளிக்குக் கூலி போகும். தறி நின்றபின், மாலையில் வையுங்கள். மாணவிகளே வாசித்துக் காட்டட்டும். கேள்விகளுக்கு மருத்துவர் பதில் சொல்லட்டும். படிவம் அதற்குப் பிறகு வரட்டும்.