தப்பு எண்ணெய்... தண்டம் யாருக்கு?

ஆண்டு மலருக்குக் கவிதை கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக லோடு ஏற்றி இறக்கியவர்கள்தான். காலேஜ் படியை மிதித்த முதல் ஆள் நான். எனக்குத் தெரிந்தது வண்டி. அதனால் வண்டியைப் பற்றியே எழுதுகிறேன்.

என் ஊர் ஜவ்வாது மலை அடிவாரத்து அமிர்தி. மிருகக்காட்சி சாலை பார்க்கவும் அருவியில் குளிக்கவும் நீங்கள் வந்திருப்பீர்கள். மலையிலிருந்து சாமையும் புளியும் பலாவும் இறங்குவதும், அரிசியும் சிமெண்டும் ஏறுவதும் சின்ன லோடு வண்டிகளில்தான். அப்படி ஒரு வண்டிக்கு என் அப்பா டிரைவர். அப்போது மாதச் சம்பளம் பன்னிரண்டாயிரம்.

இரண்டு வருஷத்துக்கு முன், பத்தாவது பரீட்சை முடிந்த லீவு. அப்பாவோடு நானும் லோடுக்குப் போவேன். அப்பா ஓட்டியது பெட்ரோல் வண்டி. அன்றைக்கு அது ஒர்க்‌ஷாப்பில் நின்றதால், ஓனர் தன்னுடைய இன்னொரு வண்டியைக் கொடுத்தார். அதுவும் வெள்ளை, அதே சைஸ். ஆனால் டீசல்! கணியம்பாடி தாண்டி ஒரு பங்கில் நிறுத்திவிட்டு அப்பா டீ சொல்லப் போனார். பங்க் ஆள் வந்து, "தம்பி, எவ்ளோக்கு?" என்றார். நான் பெரிய மனுஷன் மாதிரி, "ஆயிரத்துக்குப் பெட்ரோல் போடுங்கண்ணா" என்றேன். அவரும் வண்டியைப் பார்க்கவில்லை, மூடியைப் பார்க்கவில்லை. போட்டுவிட்டார்.

அப்பா வந்து பில்லைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆனால் இன்னும் சாவி போடவில்லை. கவனியுங்கள், இந்தக் கதையே இந்த இடத்தில்தான் இருக்கிறது.

அப்பா போனை எடுத்தார். ஓனர் நம்பரைப் பார்த்தார். மறுபடியும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சொன்னா சம்பளத்துல புடிச்சிடுவாருடா" என்றார். பக்கத்தில் நின்ற ஒருவர், "மேல கொஞ்சம் டீசல ஊத்தி ஓட்டுங்க, சரியாப் போயிடும்" என்று யோசனை சொன்னார். ஊற்றினோம். ஓட்டினோம். நாலு கிலோமீட்டர் போவதற்குள் இன்ஜின் டொக் டொக் என்று அடித்து, புகை விட்டு, நின்றே போனது.

ஒர்க்‌ஷாப் பில் முப்பத்தாறாயிரம். ஓனர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மாதம் நாலாயிரம் வீதம் ஒன்பது மாதம் பிடித்தார். நான் டிப்ளமோ சேர்ந்த வருஷம் அது. என் முதல் பீஸ் அம்மாவின் கம்மல். பெட்ரோல் போடச் சொன்னது பையன்தான் என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. இந்த மலரில்தான் முதன்முதலாக நான் சொல்கிறேன்.

மெக்கானிக் அண்ணன் அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "ஸ்டார்ட் பண்ணாம தள்ளி நிறுத்தியிருந்தா, டேங்க்கை இறக்கிக் கழுவி ரெண்டாயிரத்துல முடிச்சிருப்பேனே!"

ஏன் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டேன். டீசல் வெறும் எரிபொருள் மட்டுமல்ல. பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மசகெண்ணெய் போலவும் அதுதான் வேலை செய்கிறது. பெட்ரோலுக்கு அந்த வழுவழுப்பு கிடையாது. இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில் அழுத்தம், காற்றழுத்தத்தைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் மசகு இல்லாமல் பம்ப் சுற்றினால் இரும்போடு இரும்பு உரசும். அந்த இரும்புத் தூள் இன்ஜெக்டர் வரை போய் உட்கார்ந்துகொள்ளும். அதாவது டேங்கில் பெட்ரோல் ஊற்றியதால் வரும் செலவு சின்னது. அதை வைத்து இன்ஜினை ஓட்டியதால் வரும் செலவுதான் பெரியது.

சரி, அப்பா ஏன் ஓட்டினார்? பயம்! சம்பளத்தில் பிடிப்பார்களே என்ற பயம். ஆக, இரண்டாயிரம் ரூபாய்த் தப்பை முப்பத்தாறாயிரம் ஆக்கியது பெட்ரோல் அல்ல நண்பர்களே, அந்தப் பயம்தான். தப்பு செய்தால் தண்டம் கட்டு என்று மிரட்டி வைத்தால் தப்பு குறையாது. தப்பை மறைப்பதுதான் கூடும். அந்த நஷ்டமும் கடைசியில் முதலாளியின் இன்ஜினில்தான் விடியும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1936-ஆம் ஆண்டின் சம்பளப் பட்டுவாடாச் சட்டத்திலேயே இதற்கு விதி இருந்தது. அதையே 2019-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் சொல்கிறது. நஷ்டம் தொழிலாளியின் கவனக்குறைவால் நேரடியாக வந்ததாக இருக்க வேண்டும். நஷ்டத்துக்கு மேல் ஒரு பைசா பிடிக்கக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, 'நீ என்னப்பா சொல்ற?' என்று அவனைக் கேட்காமல் பிடிக்கவே கூடாது! எங்கள் விஷயத்தில் பாதிக்கு மேல் பிடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் கேட்கவே இல்லையே? கேட்டிருந்தால், "பழக்கமில்லாத வண்டிங்க, மூடியில டீசல்னு ஒரு எழுத்தில்லீங்க" என்றாவது அப்பா சொல்லியிருப்பார்.

இன்னொன்றும் யோசியுங்கள். 2025 ஜூன் மாதம் மத்தியப் பிரதேசம் ரத்லாமில், முதலமைச்சரின் பயணத்துக்கு வந்த 19 கார்கள் டீசல் போட்டதும் வரிசையாக நின்றுபோயின. டீசலில் தண்ணீர் இருந்தது தெரிந்து பங்குக்குச் சீல் வைத்தார்கள். அது வேறு மாதிரித் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பெரியவர்கள் வண்டி நின்றால் விசாரணை பங்கிலிருந்து ஆரம்பிக்கிறது. எங்கள் வண்டி நின்றால் டிரைவரிடமே ஆரம்பித்து டிரைவரிடமே முடிந்துவிடுகிறது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்!

முதலாளிகளை மட்டும் குறை சொல்ல வரவில்லை. எங்கள் ஓனருக்கும் வண்டிக்கு டியூ இருக்கிறது. தப்பு எண்ணெயால் வந்த ரிப்பேருக்குச் சாதாரண இன்சூரன்ஸில் பொதுவாகப் பணம் வராது. அவரும் எங்கே போவார்? அதனால்தான் ஒரு நியாயமான முறை வேண்டும் என்கிறேன்.

என் கருத்து இதுதான். தப்பாகப் போட்டதும் சாவி போடாமல் உடனே போன் செய்து சொல்லிவிட்டால், டேங்க் கழுவும் செலவு முதலாளியுடையது. பஞ்சர் ஒட்டுவதற்கு டிரைவரிடமா பணம் கேட்கிறோம்? தொழில் என்றால் அதுவும் ஒரு செலவு. டீசல் என்று சொல்லியும் பங்கில் மாற்றிப் போட்டிருந்தால், பங்க் கட்டட்டும். அதற்குத்தான் பில்லைப் பத்திரமாக வைக்கச் சொல்கிறேன். தெரிந்தும் மறைத்து ஓட்டியிருந்தால் மட்டும், விசாரித்த பிறகு, டிரைவரும் ஒரு பங்கு கட்டட்டும்.

அப்படிப் பார்த்தால் என் அப்பாவும் ஒரு பங்கு கட்ட வேண்டியவர்தான். மறுக்கவில்லை. ஆனால் முழுவதையும் அல்ல!

தடுப்பதற்கு லட்சமா வேண்டும்? டேங்க் மூடியில் 'டீசல்' என்று பெயிண்டில் பெரிதாக எழுத எத்தனை ரூபாய் ஆகும்? 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு பெரிய லாரிகளில் டீசலுக்கு ஒரு வாய், டெஃப் திரவத்துக்கு நீல மூடி போட்ட இன்னொரு வாய் இருக்கிறது. டெஃப்பை டீசல் டேங்கில் ஊற்றினாலும் இதே கதிதான். வண்டி மாற்றிக் கொடுக்கும்போது சாவியோடு 'இது டீசல்' என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக் கொடுக்கலாமே!

நண்பர்களே! நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் ஒர்க்‌ஷாப் வைப்போம், சொந்தமாக வண்டியும் வாங்குவோம். அன்றைக்கு ஒரு டிரைவர் கை நடுங்கப் போனை எடுத்து நம் நம்பரைப் பார்ப்பார். அவர் அதைத் திரும்பப் பையில் போடாமல் நம்மைக் கூப்பிட வேண்டும். அப்படி ஒரு முதலாளியாக நான் இருப்பேன். நீங்கள்?

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல், அமிர்தி