பொறியின் முன்னே அரங்கேற்றம்

நூல் செய்தானொருவன் அதனைத் தானே தெருவில் விரித்துவிடுதல் பண்டை வழக்கன்று. அறிந்தோர் அவையில் அரங்கேறிய பின்னரே நூல் நாட்டில் வழங்கும். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறிற்றென அதன் சிறப்புப் பாயிரத்தால் அறிகிறோம். ஆசான் தடை நிகழ்த்த, ஆசிரியர் விடை இறுத்தார். அவை இரண்டையுங் கேட்டது என்பது உரை மரபு.

இந்நாளில் உலகின் பேரரங்குகளுள் ஒன்று யூரியூப் என்னுங் காணொளித் தளம். 2005 இல் அமெரிக்காவிற் தோன்றிய அதனை மறு ஆண்டிலேயே கூகிள் கம்பனி 165 கோடி டொலருக்கு வாங்கிற்று. தொடக்கத்தில் யாரும் எதனையும் ஏற்றலாம். ஏற்றியவுடன் உலகங் காணும். எவரேனும் முறையிட்டாற்றான் ஆராய்ச்சி. 2007 இல் வயாகொம் நிறுவனம், தன் உடைமைகளைப் பிறர் அங்கே ஏற்றுகின்றனரெனக் கூறி, 100 கோடி டொலர் கேட்டு வழக்கிட்டது. உரிமையாளர் கொடுத்த மூலத்தோடு புதிதாக ஏற்றப்படுவதை ஒத்துப் பார்க்கும் பொறிமுறையும் அவ்வாண்டிலேயே புகுந்தது. களவை ஒத்துப் பார்த்தல் பொறிக்கு எளிது. பின்னர்த் தீயதையும் நல்லதையும் பிரிக்கும் வேலை அதன் தலையிற் சுமத்தப்பட்டது. இடர் அங்கேதான் தொடங்கிற்று.

2017 இல், தீவிரவாதப் பிரசாரத்தைக் களையப் புதிய பொறிமுறை ஏவப்பட்டது. அது சிரியாவின் போர்க் கொடுமைகளுக்குச் சான்றாகச் சேர்த்து வைக்கப்பட்ட காணொளிகளையும் ஆயிரக்கணக்கில் அகற்றிவிட்டது. கொலையைப் புகழ்வோன் காட்டுவதும் கொலையைக் கண்டிப்போன் காட்டுவதும் கண்ணுக்கு ஒரே காட்சி; வேறுபாடு கருத்தில் உள்ளது. முறையீட்டின் பின் அவற்றுட் சில மீண்டன.

முப்பது ஆண்டுகளாக விடைத்தாள் திருத்தி வருபவன் யான். ஒருமுறை மாணாக்கன் ஒருவனின் கட்டுரையில் இழிசொல் ஒன்று கண்டு சினந்தேன். சிவப்பு மையாற் கோடிட்டுப் புள்ளியைக் குறைத்தேன். அவன் தயங்கி வந்து, “ஐயா, அடுத்த வசனத்தையும் ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ” என்றான். அச்சொல்லை வழங்குவோரை அவ்வசனத்திலே கண்டித்திருந்தான். நாணினேன், புள்ளியைத் திருத்தினேன். என் அறைக் கதவு திறந்திருந்தமையாற் அவன் பிழைத்தான்.

அக்கதவைப் பற்றியதே என் கவலை. 2020 மார்ச்சில் கொள்ளைநோய் பரவியபோது, பணியாளரை அலுவலகத்துக்கு அழைத்தல் தகாதெனக் கருதிய யூரியூப், ஆராய்ச்சியிற் பெரும்பகுதியைப் பொறிகளிடமே விட்டது. அவ்வாண்டு முதற் காலாண்டில் அகற்றப்பட்டவை ஏறக்குறைய 61 இலட்சம். ஏப்பிரல் முதல் யூன் வரையிலோ 1 கோடியே 14 இலட்சம். முறையீடுகள் 1 இலட்சத்து 66 ஆயிரத்திலிருந்து 3 இலட்சத்து 25 ஆயிரமாயின. மீட்கப்பட்டவை 41 ஆயிரத்திலிருந்து 1 இலட்சத்து 60 ஆயிரமாகப் பெருகின. முன்னர் முறையிட்டோருள் நால்வரில் ஒருவர் வென்றார். பொறி தனித்து ஆண்ட காலத்தில் இருவரில் ஒருவர் வென்றார். முறையிடாதவர் தொகையோ மிகப் பெரிது. அவருட் குற்றமற்றவர் எத்துணையரென எவர் அறிவார்? தீயது தங்குவதினும் நல்லது போவது மேலென நிறுவனம் அறிந்தே தேர்ந்த வழி அது. அவ்வாண்டு செப்டெம்பரில் மனிதரை மீண்டும் மிகுதியாக ஈடுபடுத்துவதாக அது அறிவித்தது.

பொறியே வேண்டாமென்பார்க்கு யான் உடன்படேன். நிமிடந்தோறும் 500 மணிநேரத்துக்கு மேற்பட்ட காணொளிகள் வந்து குவிகின்றன. ஒருநாட் குவியலை ஒருவன் உறங்காது பார்ப்பினும் 82 ஆண்டு செல்லும். சல்லடையின்றி இந்நெல்லைப் புடைக்க இயலாது.

2021 மார்ச்சில் வந்த மாற்றம் இன்னும் நுட்பமானது. காணொளி வெளிவருமுன்னரே, பிறர் உரிமை அதிற் கலந்துளதா, விளம்பரத்துக்கு அது ஏற்குமா என்று பொறி பார்த்துச் சொல்லும். விடைக்காகக் காத்திருக்கக் கட்டாயமில்லை. பின்னர் இழப்புறாது முன்னரே திருத்திக்கொள்ள வாய்ப்புண்டு. அவ்வளவில் இது நன்றே. பழைய அரங்கேற்றம் வேறுருவில் மீண்டதென்றுங் கூறலாம். ஆயினும் விளம்பர வருவாயால் வாழ்பவன், பொறி முகஞ்சுளிக்குமென அஞ்சும் சொல்லைத் தானே நீக்குவான். நாளடைவில் அக்கருத்தையே நினையாது விடுவான். அங்ஙனம் விடப்பட்டவை எந்தக் கணக்கிலும் ஏறா.

ஆதலால் நாம் கேட்க வேண்டுவன மூன்று. தடையின் காரணம் விளங்கும் மொழியில் உரைக்கப்படல் வேண்டும். விடையைக் கேட்க, அம்மொழியும் அந்நாட்டு நிலையும் அறிந்த மனிதர் இருத்தல் வேண்டும். தீர்ப்பு, காணொளியின் பயன் கெடுமுன்னர் வருதல் வேண்டும். போர்ச் செய்தியைப் போர் முடிந்தபின் விடுவிப்பதால் யாருக்கு நன்மை?

தடை கூறும் அறிவைப் பொறிக்குக் கற்பித்துவிட்டோம். விடை கேட்கும் கடமை நம்முடையதாகவே இருக்கிறது.